கீழ்ச் சேமக்காலை

யுத்த நிறுத்தத்தில் குடாநாட்டுக்கு வரும் பாதை திறந்திருந்த நான்கு வருடங்களில், தீவுப்பகுதியில் நிலத்துக்குக் கீழே அமைந்த மூன்று பழைய அடக்க இடங்களைப் பார்த்தேன். மூன்றும் கத்தோலிக்கருடையவை. எதற்கும் பெயர்ப்பலகை இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் வேலை செய்துகொண்டிருந்த எனக்கு ஞாயிறு விடுமுறை. மோட்டார் சைக்கிளில் பண்ணைப் பாலத்தைக் கடந்து போவேன். நான் சைவக்காரன். எங்கள் வீட்டில் செத்தவர்கள் ஒரு நாளுக்குள் சாம்பலாகி, கீரிமலைக் கடலில் கரைந்துவிடுவார்கள். நூற்றாண்டுகளாக ஒரே இடத்தில் கிடக்கும் எலும்புகளைப் பார்க்கும் ஆவல் எனக்கு அதனால்தான் வந்திருக்க வேண்டும்.

முதலாவது, படகில் போக வேண்டிய நெடுந்தீவில். பவளக்கல் மதில்களுக்கு நடுவே ஐந்து படிகள் கீழே இறங்கின. ஆறாவது படி இருக்க வேண்டிய இடத்தில் இடிபாடு. ஆடுகள் வெயிலுக்கு அங்கே படுத்திருந்தன. இரண்டாவது மண்கும்பானுக்கு அப்பால், கூரையில்லாத ஒரு கோயிலின் தரையில். இந்த ஊர்க் கத்தோலிக்கர் தங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். அங்கே ஒரு பெரிய கல் மூடியாகக் கிடந்தது. அதன் ஓரத்து வெடிப்பில் கையை வைத்தால் உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அதைத் தூக்கிப் பார்க்க அந்த ஊரில் யாரும் உடன்படவில்லை.

உள்ளே இறங்கிப் பார்த்தது மூன்றாவதை மட்டும்தான். ஊர்காவற்றுறைக்குக் கிட்ட, கடலோரக் கிராமம் ஒன்று. மீன்பிடிக்கும் குடும்பங்கள் அறுபது எழுபது. பழைய கோயிலின் சுவர்கள் மட்டும் நின்றன. பீடம் இருந்த இடத்தில் தரையோடு தரையாக ஒரு கல். அதில் இரண்டு இரும்பு வளையங்களுக்கான துளைகள். ஒரு வளையம்தான் மிச்சம். கல்லை நகர்த்தினால் ஏழு படிகள். கீழே என் காலடிக்குப் பதினான்கு அடி நீளமும் ஏழு அடி அகலமும் கொண்ட அறை. நிமிர்ந்து நின்றால் தலை முட்டும். இரு பக்கச் சுவர்களிலும் இரண்டிரண்டு தட்டுகள் வெட்டியிருந்தார்கள். அவற்றில் எலும்புகள். கடைசிச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சில் கீறிய சிலுவை. எழுத்து ஒன்றும் இல்லை, ஆண்டும் இல்லை. செத்த வாசம் கிடையாது. ஈரமான சுண்ணாம்பின் வாசம்தான்.

என்னைக் கீழே கூட்டிப்போனவர் கோயில் மூப்பர். மூப்பர் என்றால் வயதானவர் என்று நினைக்க வேண்டாம். அது பதவி. மணி அடிப்பது, செபம் சொல்லிக்கொடுப்பது, பூசைக்குச் சுவாமியார் வராத ஞாயிறுகளில் கோயிலைத் திறந்து மூடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. மற்ற நாட்களில் வள்ளத்தில் கடலுக்குப் போவார். இந்தத் தீவில் முதன்முதல் வேதத்துக்கு வந்த குடும்பங்களின் ஆட்கள்தான் கீழே கிடக்கிறார்கள் என்றார். கத்தோலிக்க வேதத்தைத் தடைசெய்த ஒல்லாந்தர் காலத்தில் குருமார் இல்லை, கோயில் இல்லை. வீட்டு நிலத்துக்குக் கீழே ஒளித்து அடக்கம் செய்தார்கள், பிறகு அந்த வீட்டின் மேல்தான் கோயில் எழும்பியது என்று அவருடைய தகப்பன் சொல்வாராம். இதை உறுதிப்படுத்த என்னிடம் எந்த ஆவணமும் இல்லை. வருடத்தில் ஒருமுறை, கார்த்திகையில் ஆத்துமாக்களின் திருநாளில் கல்லைத் திறப்பார்கள். அது மாரி காலம். கீழே தண்ணீர் ஊறி நிற்கும். மூன்றாவது படியில் நின்று மெழுகுதிரி ஏற்றிவிட்டு ஏறிவிடுவார்கள்.

நான் குறிப்பெடுத்தேன். எழுதவில்லை. சமாதான காலத்தில் பத்திரிகைக்கு வேறு செய்திகள் இருந்தன.

2006 ஆகஸ்டில் சண்டை திரும்பத் தொடங்கி, பாதை மூடப்பட்டது. கப்பலில் வருவதைத்தான் குடாநாடு தின்றது. பத்திரிகைக் கடதாசி தீர்ந்துகொண்டு வர, பக்கங்கள் குறைந்தன. நிருபர்கள் வெளியே போவதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் தொழிலில் இருந்த சிலர் வேலைக்குப் போய் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஞாயிறு இதழுக்கு ஒருவரையும் நோகாத கட்டுரை ஒன்று வேண்டும் என்று ஆசிரியர் கேட்டார். என் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். இருநூறு முன்னூறு வருடத்துக்கு முன் செத்தவர்களைவிட நோகாத ஆட்கள் யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கட்டுரையில் என் பெயரைப் போடவில்லை. மூப்பரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. கிராமத்தின் பெயரை மட்டும் விட்டுவைத்தேன். அது எங்கே என்று சொல்லாவிட்டால் செய்தியே இல்லை என்பது எனக்குத் தொழில் படிப்பித்தவர்கள் சொன்னது.

அந்தக் கிராமத்தார் அந்த அறையைக் ‘கீழ்ச் சேமக்காலை’ என்பார்கள். சேமக்காலை என்றால் கத்தோலிக்கரின் இடுகாடு. அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. கட்டுரையின் கடைசிப் பத்தியில் இப்படி எழுதினேன்: “சேமக்காலை. எவ்வளவு பொருத்தமான சொல். நிலத்தின் கீழே சேமித்து வைத்திருக்கிறார்கள். எழும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள்.” எதைச் சேமித்தார்கள், யார் எழுவார்கள் என்று அந்தப் பத்தியில் இல்லை. முன்பத்தியில் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அச்சில் பார்த்தபோது அந்த வரிகளை இரண்டு தடவை வாசித்தேன்.

பதினொரு நாள் கழித்து மூப்பரின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். வாசலில் இருந்த வாங்கில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்ததும் எழும்பவில்லை. நடந்ததை ஒழுங்காகச் சொன்னார். கடலுக்குப் போகிறவர்கள் விடியற்காலை படையினரின் கரைக் காவலரணில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போய், மத்தியானம் திரும்பி வந்து வாங்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை மற்ற எல்லாருக்கும் அட்டை கிடைத்தது. மூப்பருக்கு மட்டும் கிடைக்கவில்லை. அதிகாரியின் மேசையில் என் கட்டுரை கிடந்தது. கோயிலுக்குப் பொறுப்பானவர் என்று மூப்பரைப் பிடித்து, நிலத்துக்குக் கீழே எதைச் சேமித்து வைத்திருக்கிறீர்கள், எழும் நாள் எது என்று கேட்டிருக்கிறார்கள். அடிக்கவில்லை. காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் நாலு மணி வரை தினமும் காவலரணில் வந்து இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். சுவாமியார் போய்ப் பேசினாராம். எழுதினவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அட்டையைத் தருகிறோம் என்றார்களாம்.

அந்த மாதங்களில் அட்டை இல்லாத மனிதர் கடலுக்குப் போக முடியாது. பஸ் ஏற முடியாது. சந்திக் கடைக்குக்கூடப் போக முடியாது. சுற்றிவளைப்பு நடந்து ஒருவரிடம் அட்டை இல்லையென்றால் அவரை ஏற்றிக்கொண்டு போவார்கள். ஏற்றிப்போனவர்களில் எல்லாரும் திரும்பி வந்ததில்லை. இதை அவர் எனக்கு விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இருக்கவில்லை.

“எழுதினது நீங்கள்தானே, தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

“ஓம் அக்கா.”

“மூண்டரைக்குக் கடைசி பஸ். வாறதெண்டால் வாறனெண்டு சொல்லுங்கோ. ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லுங்கோ. நான் அவருக்கு ஒரு மறுமொழி கொண்டுபோக வேணும்.”

நாளைக்கு வருகிறேன் என்றேன். அடுத்த நாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. கட்டுரையை எழுதியது யார் என்று காவலரணில் இருந்தவர்களுக்குத் தெரியாது. நான் போனால் தெரியும். தெரிந்த பிறகு அந்தப் பெயர் எந்தக் கொப்பியில் போய் ஏறும் என்று எனக்குத் தெரியாது. ஆசிரியர் போகச் சொல்லவும் இல்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. இரண்டு நாளும் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கும் ஒரே ஒழுங்கையால் நடந்தேன். மூன்றாம் நாள் காலை பஸ் ஏறினேன்.

தீவுக்குப் போகும் வீதி கடலுக்கு நடுவே போகிறது. இரு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர். திரும்ப நினைத்தால் வந்த வழியால் மட்டும்தான் திரும்பலாம். அல்லைப்பிட்டியில் இறங்கி வரிசையில் நடந்து, அட்டையைக் காட்டி, மறுபடி ஏறினோம். மண்கும்பானிலும் அப்படியே. அட்டையை ஒவ்வொரு முறையும் சட்டைப்பையில் வைத்துவிட்டு, பையை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

காவலரண் கரையோடு ஒட்டிப் பனங்குற்றிகளாலும் மண்மூட்டைகளாலும் கட்டியிருந்தது. வெளியே கிடந்த ஒரு குற்றியில் மூப்பர் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். கடலுக்குப் போக முடியாத மனிதர், போகாத நேரத்தில் வலையையாவது திருத்தலாம் என்று கொண்டுவந்திருக்கிறார். கத்தியைக் கொண்டுவர விடவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“வந்திட்டீரோ?” என்றார். “நாளைக்கு எண்டு சொல்லி விட்டனீராம். உங்கடை பேப்பரிலை நாளைக்கு எண்டால் மூண்டு நாளோ?”

தனக்குப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்.

உள்ளே கூப்பிட்டபோது இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். என் அட்டையை வாங்கி மூப்பரின் அட்டைக்கு மேல் வைத்தார்கள். மேசைக்குப் பின்னால் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், இருபத்தைந்து வயது இருக்கும். வகுப்பில் படித்த தமிழ். ஒவ்வொரு சொல்லையும் முழுதாக உச்சரித்தார். கட்டுரையில் ஐந்து இடங்களில் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தார். பக்கத்தில் ஓர் அகராதி, மேலட்டை கிழிந்தது.

“தாங்கள் இதில் ‘சேமக் காலை’ என்று எழுதியுள்ளீர்கள். எந்தக் காலை?”

எனக்கு விளங்கவில்லை.

“சேமம் என்றால் பாதுகாப்பு. காலை என்றால் விடியும் நேரம். பாதுகாப்பான விடியல். அதன் பிறகு எழும் நாள் என்று உள்ளது. அது எந்த நாள், எந்தக் காலை என்று கூறுங்கள்.”

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தார். சொல்லைப் பிரித்துப் பார்த்திருக்கிறார், அகராதியில் தேடியிருக்கிறார், கிடைத்ததை எழுதியிருக்கிறார். கட்டுரையில் நான் ‘சேமம்’ என்ற பாதியைத்தான் அலங்காரமாக விளக்கியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத மற்றப் பாதியை விட்டிருந்தேன்.

நான் விளக்கத் தொடங்கினேன். உயிர்ப்பு, கடைசித் தீர்வை, இறந்த விசுவாசிகள் என்று போனேன். ஒரு சைவக்காரன் கத்தோலிக்க வேதத்தைச் சிங்கள அதிகாரிக்கு வகுப்புத் தமிழ் வழியாக விளக்கினால் எப்படி இருக்கும்? மொழிபெயர்ப்பாளரின் பேனை நகரவில்லை. ‘எழுவார்கள்’ என்று நான் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

மூப்பர் கதிரையின் நுனியில் இருந்தார். “ஐயா, நான் ஒண்டு சொல்லலாமோ?” என்றார். “மாடு கட்டுற இடம் மாட்டுக்காலை. ஆடு அடைக்கிற இடம் ஆட்டுக்காலை. செத்த ஆக்கள் கிடக்கிற இடம் சேமக்காலை. விடியக்காத்தாலை இல்லை.”

மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் புரட்டினார். அதில் மாட்டுக்காலை இருந்ததா என்று தெரியவில்லை. “கொட்டில்?” என்றார்.

“கொட்டில், பட்டி, என்னவெண்டாலும் சொல்லுங்கோ. நாங்கள் சும்மா கதைக்கேக்கை சவக்காலை எண்டுதான் சொல்லுறது. சவம், விளங்குதோ? சவம். தம்பி வடிவாய் எழுத வேணுமெண்டு கோயில் அறிவித்தலிலை கிடக்கிற சொல்லை எடுத்துப்போட்டார்.”

சவம் என்ற சொல் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் அது தெரிந்தது. சிவப்புக் கோடுகளை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “அப்படியென்றால் தாங்கள் ஏன் சவம் என்று எழுதவில்லை?”

“அழகாயில்லை எண்டு நினைச்சனான்,” என்றேன்.

அதை அவர் அப்படியே மொழிபெயர்த்திருக்க வேண்டும். அதிகாரி முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழும்பித் தொப்பியை எடுத்தார். இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

பழைய கோயிலுக்கு நடந்து போனோம். ஆறு சிப்பாய்கள், அதிகாரி, மொழிபெயர்ப்பாளர், நாங்கள் இருவர். மூப்பரும் மூன்று சிப்பாய்களும் கல்லை நகர்த்தினார்கள். மாரித் தண்ணீர் வடிந்திருந்தது. கடைசிப் படியில் மட்டும் சேறு. முதலில் யார் இறங்குவது என்று பேச்சு வந்தது. அதிகாரி என்னைக் காட்டினார். கையில் ஒரு டோர்ச் தந்தார்கள். கீழே என்ன தெரிகிறதோ அதை உரத்துச் சொல்லும்படி மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

அறைக்குள் போனதும் வாசல் சதுரத்தில் இரண்டு சப்பாத்துகளும் ஒரு துப்பாக்கியின் நுனியும் தெரிந்தன. வெளிச்சம் அவற்றுக்கு நடுவால்தான் வந்தது. கல்லை அவர்கள் திரும்பத் தள்ளினால் என்ன செய்வது என்று நினைத்தேன். தள்ளுவதற்குக் காரணம் இல்லை. ஆனால் தள்ளக் கூடாது என்பதற்கும் அந்த வருடத்தில் காரணம் இருக்கவில்லை.

“கூறுங்கள்,” என்று மேலிருந்து குரல் வந்தது.

“வலக்கைப் பக்கம் ரெண்டு தட்டு. மேல் தட்டிலை எலும்பு. கீழ்த் தட்டிலையும் எலும்பு.”

மேலே சிங்களத்தில் போனது. திரும்ப வந்தது: “எலும்புக்குப் பின்னால்?”

கையை விட்டுத் தடவினேன். “சுவர்.”

“எத்தனை?”

மண்டையோடுகளை எண்ணினேன். இருபத்து மூன்று. பாதியாய் உடைந்தவற்றைச் சேர்க்கவா என்று கேட்டேன். சேர்க்க வேண்டாம் என்றார்கள். இடக்கைப் பக்கம், கடைசிச் சுவர், தரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். நான் சொன்ன வாக்கியங்களில் ஒரு அலங்காரமும் இருக்கவில்லை. தட்டு. எலும்பு. சுவர். கீறல். சேறு. ஒன்றும் இல்லை. தரையைக் காலால் தட்டிச் சத்தத்தைக் கேட்கச் சொன்னார்கள். தட்டினேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது. அறையோ குளிராக இருந்தது.

ஏறி வந்த பிறகு ஒரு சிப்பாய் இறங்கி, இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து தலையை ஆட்டினான். ஆயுதம் இல்லை என்பது அதிகாரிக்கு உறுதியாகிவிட்டது. இனி அட்டையைத் தருவார் என்று நினைத்தேன். அவர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எங்களுக்குச் சொன்னார்:

“இப்போது எதுவும் இல்லை. ஆனால் இடம் உள்ளது. இடம் இருந்தால் பிறகு யாராவது வைப்பார்கள். மண்ணால் நிரப்புங்கள். நிரப்பி முடிந்த பின் இருவரின் அடையாள அட்டைகளும் கிடைக்கும்.”

இருவரின். என்னுடையதும் மேசையில்தான் இருந்தது. அதில்லாமல் மண்கும்பானைத் தாண்ட முடியாது. மூப்பருக்கும் கடலுக்கும் நடுவே அந்த அறை நின்றது. இப்போது எனக்கும் என் வீட்டுக்கும் நடுவே அது நின்றது.

அன்று பின்னேரம் புதுக் கோயிலின் முன்னால் பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். சுவாமியாரும் வந்தார். அவர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதலாம் என்றார். மறுமொழி வர எத்தனை கிழமை ஆகும் என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. பேச்சு கொஞ்ச நேரத்துக்கு என்னைப் பற்றித் திரும்பியது. நான் அங்கேயே இருக்கிறேன் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒல்லாந்தனுக்குத் தெரியாமல் வைத்திருந்ததைப் பேப்பர்காரன் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று ஒருவர் சொன்னார். அதில் பிழை பிடிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. முதலில் எலும்புகளை மேலே எடுத்து வேறு குழியில் வைப்போம், பிறகு நிரப்புவோம் என்றார் மூப்பரின் மனைவி. பெண்கள் எல்லாரும் அந்தப் பக்கம்தான்.

“மேலை எடுத்தால் அவைக்கும் ஒரு பாஸ் கேப்பாங்கள்,” என்றார் மூப்பர். “இருபத்து மூண்டு பேருக்கு நான் எங்கை அட்டைக்குப் போறது?”

சிலர் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. மூப்பர் அதற்குப் பிறகு மனைவியைப் பார்த்துத்தான் பேசினார். செத்தவர்களை மண்ணுக்குள் வைப்பதுதானே வழக்கம், இவர்களுக்கு இத்தனை காலம் மண் கிடைக்காமல் போய்விட்டது, இப்போது கிடைக்கிறது என்று நினை என்றார். அவர் அதை நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்பது நாளாக வள்ளம் கரையில் கிடந்தது என்பது எனக்குத் தெரியும்.

வேலை நான்கு நாள் எடுத்தது. கரையிலிருந்து மணலைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, வாசலில் பனையோலைக் கடகங்களில் நிரப்பிக் கீழே இறக்கினார்கள். ஓர் அறையை வாசலிலிருந்து நிரப்ப முடியாது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. கடைசிச் சுவரிலிருந்து தொடங்கிப் பின்னால் பின்னால் வர வேண்டும். உள்ளே நின்று கொட்டி மிதிக்க இரண்டு பேர் வேண்டும். அட்டை இல்லாத இரண்டு பேரும் உள்ளே நின்றோம்.

முதல் கடகம் வருமுன் மூப்பர் பழைய பீடத்துணிகளைக் கொண்டுவந்து தட்டுகளில் இருந்த எலும்புகளின் மேல் விரித்தார். ஓரங்களைச் செருகினார். பிறகு மணல் வந்தது. சிலுவைக் கீறல் முதல் மணித்தியாலத்திலேயே மறைந்தது. அரிக்கன் லாம்பின் வெளிச்சத்தில் தூசி தொங்கியது. கடகம் ஒன்றுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே என்று மூப்பர் செபித்துக்கொண்டு கொட்டினார். ஐம்பது முடிந்தால் வெளியே போய்த் தண்ணீர் குடிக்கலாம். அவருக்கு அது செபம். எனக்குத் தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதற்கான கணக்கு. இரண்டாம் நாள் நானும் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தேன். வாய் சும்மா இருந்தால் தூசி உள்ளே போகிறது என்று காரணம் சொன்னேன்.

அறை நாளுக்கு நாள் குட்டையானது. பதினான்கு அடி ஒன்பதானது, பிறகு ஐந்தானது. மணல் தோள் உயரத்துக்கு வந்து முகத்துக்கு நேரே நின்றது. கூரைக்கும் மணலுக்கும் நடுவே இடைவெளி விடக் கூடாது என்பது உத்தரவு. அந்த இடைவெளியை நிரப்ப மணலின் மேல் வயிற்றால் ஊர்ந்து போய், கையால் தள்ள வேண்டும். மூப்பர் அகன்ற தோள்காரர். நான்தான் ஊர்ந்தேன். கூரை முதுகில் உரசியது. ஒருமுறை முன்னுக்கும் போக முடியாமல் பின்னுக்கும் வர முடியாமல் இறுகிவிட்டேன். கத்தினால் மூச்சு வீணாகும் என்று ஒரு யோசனை. கத்தாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று இன்னொன்று. மூப்பர் என் கணுக்கால்களைப் பிடித்து இழுத்தார். பிடித்தது பீடத்துணி விரித்த அதே கவனமான கைகள். வெளியே வந்ததும் இருமிக்கொண்டு கிடந்தேன்.

“கவனம் தம்பி,” என்றார். “உம்மையும் சேத்து இருபத்து நாலு எண்டு கணக்குக் குடுக்க ஏலாது. அவங்கள் பிறகு வந்து எண்ணுவாங்கள்.”

பிறகு மணலில் சாய்ந்துகொண்டு, “எங்கடை ஆக்கள் எழும்பேக்கை முதல்லை மண்ணைத் தட்டிப்போட்டுத்தான் வரவேணும்,” என்றார்.

நான்காம் நாள் படிகளுக்கு வந்தோம். ஏழாவது படி, ஆறாவது படி என்று மணல் ஏறியது. மெழுகுதிரி வைக்கும் படியில் பழைய மெழுகு தடிப்பாக உறைந்திருந்தது. அதைச் சுரண்டவில்லை. கல்லைத் திரும்ப வைத்தபோது சிப்பாய் ஒருவன் அதன் மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தான். வெற்றுச் சத்தம் கேட்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர்தான் அட்டைகளைக் கொண்டுவந்தார். இரண்டையும் என் கட்டுரைக்குள் மடித்து வைத்திருந்தார். இனி அது அவருக்குத் தேவையில்லை என்றார். போகுமுன் மூப்பரிடம், “மாட்டுக்காலை என்ற சொல்லை எழுதிக்கொண்டேன்,” என்று சொன்னார். மூப்பர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படம், இலக்கம், பின்பக்கத்து விலாசம். பிறகு கட்டுரையை விரித்தார். அவர் அதை அதுவரை வாசித்திருக்கவில்லை. நின்றபடி முழுவதையும் வாசித்தார். சிவப்புக் கோடுள்ள இடங்களில் விரலை வைத்து மெல்ல வாசித்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கிறீர்,” என்றார். “இதிலை நான் எங்கை?”

“உங்களுக்கு ஒண்டும் வரக்கூடாது எண்டு போடேல்லை, அண்ணை.”

“ஓம்,” என்றார். “வடிவான பாதுகாப்பு.”

என்னைத் திட்டுவதற்கு அவருக்கு அது போதுமாக இருந்தது. பிறகு ஒரு காரியம் கேட்டார். இந்த அதிகாரி மாறிப் போவார். அடுத்து வருகிறவரின் மேசையிலும் யாராவது இதே கட்டுரையைக் கொண்டுபோய் வைக்கலாம். அவன் மறுபடி அட்டையைப் பிடிப்பான். மறுபடி தோண்டிக் காட்டு என்பான். அதனால் அந்த இடம் இப்போது இல்லை என்று பேப்பரில் போட வேண்டும். “வடிவாய் எழுத வேண்டாம்,” என்றார். “ஆருக்கும் ஒருக்கால் வாசிச்சால் விளங்க வேணும்.”

மத்தியான பஸ்ஸில் திரும்பினேன். மண்கும்பானிலும் அல்லைப்பிட்டியிலும் அட்டையைக் காட்டினேன். நகத்துக்குள் இன்னும் மணல் இருந்தது. சோதித்தவர் அதைப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பித் தந்தார். அலுவலகத்தில் ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். திருத்தம் போட்டால் மறந்தவர்களும் நினைப்பார்கள் என்று அவர் தயங்கினார். எழுதியதை அவர் மேசையில் வைத்தேன். இரண்டு முறை வாசித்தார். ஒரு சொல்லையும் வெட்டவில்லை.

ஞாயிறு இதழின் ஐந்தாம் பக்கத்தில், கீழ் மூலையில், இப்படி வந்தது:

“திருத்தம். ஊர்காவற்றுறைக்கு அண்மையிலுள்ள பழைய கோயிலில் நிலத்துக்குக் கீழே சவக்காலை ஒன்று இருப்பதாக முன்னர் எழுதியிருந்தோம். அது மண்ணால் நிரப்பப்பட்டுவிட்டது. அங்கே இப்போது அறை எதுவும் இல்லை. இறந்தவர்களின் எலும்புகள் மட்டும் மண்ணுக்குள் இருக்கின்றன.”

அடுத்த மாதம் மூப்பரின் மனைவி பட்டணத்துக்கு வந்தபோது அலுவலகத்துக்கும் வந்தார். மூப்பர் கடலுக்குப் போகிறார் என்றார். திருத்தத்தைக் கத்தரித்து, அட்டையோடு சேர்த்து ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறாராம். மழையில் ஒன்று நனைந்துவிட்டால் மாற்றிவைக்க இன்னும் இரண்டு பிரதி தரச் சொல்லியிருந்தார். தேடி எடுத்து மூன்று கொடுத்தேன்.